அணியத்தில் உட்கார்ந்திருந்தவள்

நம்புவதும் நம்பாமல் போவதும் உங்கள் விருப்பம். கட்டுக்கதை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். உமாமகேஸ்வரி இன்றைக்கும் வரிச்சிக்குடியில்தான் இருக்கிறாள். தினமும் காலை எட்டு இருபது பஸ்ஸில் காரைக்காலுக்கு வேலைக்குப் போகிறாள். அன்று அவள் மணிக்கட்டில் கட்டியிருந்த டைவ் கம்ப்யூட்டர், எந்த நிமிடம் எத்தனை மீட்டர் ஆழத்தில் இருந்தாள் என்று எல்லாவற்றையும் பதிந்து வைத்திருக்கிறது. நான் சொல்லும் நேரங்கள் எல்லாம் அதில் இருப்பவை. மனுஷன் ஒன்றை ஒன்பதாக்குவான். மெஷினுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இது ராத்திரியில் நடந்ததில்லை. பட்டப்பகலில் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை, 25 பிப்ரவரி 2024, மாசி மகத்துக்கு மறுநாள். காலை ஒன்பது மணி பதினாலு நிமிடத்துக்கும் ஒன்பது நாற்பத்தேழுக்கும் இடையில்.

உமாவுக்கு வேலை ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸில். காலையிலிருந்து சாயங்காலம் வரை விபத்துக் கோப்புகளைப் படிப்பாள். பிரேக் பிடிக்காத லாரி, ஹெல்மெட் போடாத தலை, 'சும்மா ஒரு ரவுண்டு' என்று போனவன். அப்படிப் படித்துப் படித்து, பக்கத்துத் தெருவுக்கு ஸ்கூட்டரில் போனாலும் ஹெல்மெட் பட்டையை இழுத்துப் பார்ப்பாள். அப்படிப்பட்டவள் ஸ்கூபா கற்றுக்கொண்டாள் என்றால் அது கடல் மேல் இருந்த ஆசை. புதுச்சேரியில் நான்கு நாள் பயிற்சி, கையில் ஒரு அட்டை. பதினெட்டு மீட்டர் ஆழம் வரை போகலாம். அதற்குக் கீழே போகக்கூடாது.

கடலைப் பற்றி அவளுக்குப் பயம் இல்லை. கூட வருகிறவர்களைப் பற்றித்தான் பயம். தன்னைக் கீழேயே மறந்துவிட்டுப் போய்விடுவார்களோ என்று. அதை அவள் வாய்விட்டே சொல்லியிருக்கிறாள்.

பயப்படுவதற்குக் காரணமும் இருந்தது. அவள் சேர்ந்திருந்த ஸ்கூபா குழுவின் தலைவன் நவநீதன். முப்பத்தாறு வயது, முந்நூறு தடவை கடலில் இறங்கியவன். படகில் ஏறியதும் சிலிண்டருக்குப் பக்கத்திலேயே சிகரெட் பற்றவைப்பான். தண்ணீருக்குள் இறங்கினால் யாரோடும் சேரமாட்டான். சிங்கி இறால் பிடிக்கத் தனியாகப் போய்விடுவான். இரண்டாவது ஆள் நசீம். இருபத்துநாலு வயது, கையில் எந்நேரமும் கேமரா. மீன் எந்தப் பக்கம் போகிறதோ அவனும் அந்தப் பக்கம். அவன்தான் அன்றைக்கு உமாவுக்கு ஜோடி. தண்ணீருக்குள் ஜோடி ஜோடியாகத்தான் போக வேண்டும், ஒருவரை ஒருவர் விடக்கூடாது என்பது ஸ்கூபாவில் முதல் பாடம்.

கருக்களாச்சேரியிலிருந்து ஏழரைக்குப் படகு கிளம்பியது. ஃபைபர் படகு. ஓட்டியவர் தமிழ்வேந்தன், அந்த ஊர் மீனவர். தெற்கே கீழவாஞ்சூர் துறைமுகத்துக்கு நிலக்கரி கொண்டுவந்த கப்பல் ஒன்று நங்கூரம் போட்டு நின்றது. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல அசையாமல் கிடந்தது. ஒன்றேகால் மணி நேரம் ஓடினார்கள். எப்போதோ மூழ்கிப்போன ஒரு விசைப்படகு பதினாறு மீட்டர் ஆழத்தில் கிடக்கும் இடம் அது. அங்கே நங்கூரம் போட்டார்கள்.

"அண்ணே, செக் பண்ணிக்கலாமா?" என்று உமா கேட்டாள். இறங்குமுன் ஒருவர் கருவிகளை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும்.

நவநீதன் சிரித்தான். "முன்ஜாக்கிரதை முத்தம்மா வந்துட்டாங்கடா! உமா, கடல் என்ன உங்க ஆபீஸா? எறங்குனா எல்லாம் தானா சரியாயிடும்."

"நசீம், நீயாவது என் சிலிண்டர் பட்டையைப் பாரேன். பின்னால லூசா இருக்கற மாதிரி இருக்கு."

"நல்லாத்தான் இருக்கு அக்கா. வாங்க, வெளிச்சம் சூப்பரா இருக்கு." அவன் பார்க்கவே இல்லை. கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அப்போதே அவள் படகில் உட்கார்ந்திருக்கலாம். நானாக இருந்தால் உட்கார்ந்திருப்பேன். ஆனால் ஒன்றேகால் மணி நேரம் வந்துவிட்டு, இரண்டு பேர் கேலிக்குப் பயந்து... மனசு அப்படித்தான் வேலை செய்கிறது.

மணி 9.14. மூவரும் குதித்தார்கள்.

நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டே இறங்கினாள் உமா. நவநீதன் தலைகீழாகப் பாய்ந்து மறைந்துவிட்டான். தண்ணீர் பச்சையாகக் கலங்கியிருந்தது. நான்கைந்து மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. 9.20க்கு மூழ்கிய படகின் பக்கம் தெரிந்தது, சிப்பி மூடிப்போய். நசீம் அவளுக்கு முன்னால் காலில் மாட்டிய மஞ்சள் ஃபின்னை அடித்துக்கொண்டு போனான். 9.24க்கு ஒரு மீன் கூட்டம் குறுக்கே வந்தது. அவன் கேமராவை நீட்டிக்கொண்டு அதன் பின்னால் போனான். பச்சைக்குள் மஞ்சள் மங்கியது. பிறகு அதுவும் தெரியவில்லை.

ஜோடி தொலைந்துபோனால் ஒரு நிமிடம் தேட வேண்டும். கிடைக்காவிட்டால் மேலே போய்விட வேண்டும். இதுவும் பாடத்தில் இருந்தது. உமா மனதுக்குள் எண்ண ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று... அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. கோபத்துக்கு அடியில் பயமும் இருந்தது.

நாற்பதை எண்ணும்போது இடப்பக்கம் மஞ்சள் தெரிந்தது.

நசீம் திரும்பி வந்துவிட்டான். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்டினான். 'சரியா இருக்கியா?' அவளும் வட்டம் காட்டினாள். நெஞ்சு இலேசானது. பரவாயில்லை, புள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

உண்மையிலேயே பொறுப்பு வந்துவிட்டிருந்தது. அவன் முன்னால் ஓடவில்லை. அவள் தோளோடு ஒட்டியே வந்தான். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அவள் காற்று மீட்டரைத் திருப்பிப் பார்த்தான். முதுகுப் பக்கம் கையைக் கொண்டுபோய், தளர்ந்திருந்த அந்தப் பட்டையை இழுத்து இறுக்கிவிட்டான்.

அவளுக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது. கடலுக்குள் தன்னை ஒருவர் கவனிக்கிறார் என்பது எவ்வளவு பெரிய நிம்மதி! இனி எங்கே கூப்பிட்டாலும் போகலாம் என்று தோன்றியது.

அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். மூழ்கிய படகைத் தாண்டிக் கூட்டிப்போனான்.

கேமரா எங்கே?

அவன் இரண்டு கையும் காலியாக இருந்தது அப்போதுதான் உறைத்தது. ஜாக்கெட்டில் மாட்டியிருப்பான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

பதினாறு மீட்டர். பதினெட்டு. கம்ப்யூட்டர் 'பீப்' என்றது.

உமா நின்றாள். கையைக் கிடைமட்டமாக நீட்டிக் காட்டினாள். 'இதுக்கு மேல வேண்டாம்.' அவன் மறுபடி வட்டம் காட்டினான். மணிக்கட்டை விடவில்லை. இழுக்கவும் இல்லை. பிடித்தபடி காத்திருந்தான்... அவ்வளவு பொறுமையாக.

ஜோடியை விடக்கூடாது. அவள் போனாள்.

இருபத்தொன்று. இருபத்துமூன்று. வெளிச்சம் குறைந்தது. காது அடைத்தது.

அவன் முகத்தைப் பார்த்தாள். மாஸ்க் கண்ணாடிக்குள் பனி மூடியதுபோல வெள்ளையாக இருந்தது. கண் தெரியவில்லை.

இருபத்துநாலு மீட்டரில் மணல். அவள் தோளை அழுத்தி முட்டிபோட்டு உட்காரவைத்தான். உள்ளங்கையை விரித்துக் காட்டினான். 'இங்கேயே இரு.' பிறகு தன்னைக் காட்டினான். மேலே காட்டினான். மறுபடி அவளைக் காட்டினான். 'போய்விட்டு வருகிறேன்.'

அவள் தலையாட்டினாள்.

மணி 9.36. காற்று மீட்டரில் நூற்றைந்து. இறங்கும்போது இருநூறு.

அவன் மேலே போனான். காலை அசைக்கவில்லை. நேராக... நின்றவாக்கில்... போனான்.

9.37.

மணலில் அசைவே இல்லை. தன் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. இழுக்கும்போது 'ஹ்ஹ்ஸ்...' விடும்போது 'பொளபொளபொள...'

9.39.

இருக்கச் சொல்லியிருக்கிறான். நகர்ந்தால் வந்து தேடுவான். இருப்பதுதான் சரி.

9.40. எண்பத்திரண்டு.

'பொளபொளபொள...'

இத்தனை நேரம் அந்தச் சத்தம் ஒன்றுதான் கேட்டது. அவளுடையது மட்டும். தோளோடு ஒட்டி வந்தவனிடமிருந்து ஒரு குமிழிகூட வரவில்லை.

பன்னிரண்டு நிமிடம். ஒரு குமிழிகூட.

எழுந்திரு என்றாள் தனக்குத்தானே. கால் எழவில்லை. இன்னும் கொஞ்சம் இருந்தால் என்ன? இங்கே நன்றாகத்தானே இருக்கிறது... அந்த நினைப்பு தன்னுடையதில்லை என்று அவள் இன்றைக்கும் சத்தியம் செய்கிறாள். ஆழத்தில் காற்றின் அழுத்தம் மூளையை மந்தமாக்கும் என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம்.

தனக்கு இருபுறமும் யாரோ இருப்பதுபோலவும் இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்று அவளுக்குத் தெரியாது.

9.43. அறுபது.

அம்மா ஞாபகம் வந்தது. மத்தியானம் வாளை மீன் குழம்பு வைப்பதாகச் சொல்லியிருந்தாள். எவ்வளவு சாதாரண ஞாபகம் பாருங்கள். அதுதான் அவளைக் கிளப்பியது. மணலை உதைத்தாள்.

மேலே. மெதுவாக. குமிழியைவிட வேகமாகப் போகக்கூடாது. மூழ்கிய படகின் பக்கம் வந்தது. நங்கூரக் கயிறு கிடைத்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும். ஆழத்திலிருந்து வருகிறவர்களுக்கு அது பாதுகாப்பு. நின்றாள். மேலே படகின் அடிப்பக்கம் கறுப்பாகத் தெரிந்தது. 9.45.

கயிறு வெடுக்கென்று இழுபட்டது.

யாரோ மேலே நங்கூரத்தை இழுத்தார்கள்.

மேலே இழுத்துக்கொண்டு போய்விடுமே என்று பதறிக் கையை விட்டாள். சட்டென்று மேலே போனால் உயிருக்கு ஆபத்து என்று படித்தவள். பழக்கதோஷம். நங்கூரம் கீழேயிருந்து எழும்பி, அவள் முகத்துக்கு முன்னால் தாண்டிப் போனது.

'டர்ர்ர்ர்...'

எஞ்சின்.

தண்ணீருக்குள் அந்தச் சத்தம் எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. கறுப்பு நகர்ந்தது.

எதற்காக இத்தனை நாள் பயந்தாளோ, அதுவே நடந்துகொண்டிருந்தது.

இன்னும் ஒன்றரை நிமிடம் பாக்கி. அவள் நிற்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விதியை மீறினாள். 9.47க்குத் தலை வெளியே வந்தது.

படகு நூறு மீட்டருக்கு அப்பால் போய்க்கொண்டிருந்தது.

விசிலை ஊதினாள். எஞ்சின் இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? ஊதினாள். ஊதினாள்.

படகின் முன்பக்கம், மீனவர்கள் அணியம் என்று சொல்லும் இடத்தில், ஓர் உருவம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தலையில் துண்டு. அவளுடைய துண்டு. பச்சையில் வெள்ளைக் கோடு.

அது மெதுவாகத் திரும்பியது.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். விசிலை மட்டும் விடவில்லை.

எஞ்சின் சத்தம் மாறியது. கண்ணைத் திறந்தபோது படகு வளைந்து அவளை நோக்கி வந்துகொண்டிருந்தது. அணியம் காலியாக இருந்தது.

தமிழ்வேந்தன்தான் அவளைப் படகுக்குள் தூக்கிப் போட்டார்.

"விசில் கேட்டுத் திரும்புனீங்களா அண்ணே?"

"இல்ல தங்கச்சி." அவர் அணியத்தைப் பார்க்காமலே பேசினார். "படகு லேசாயிடுச்சு. முன்னால ஒரு ஆளு எறங்குனா அணியம் எப்படித் தூக்கும்னு எனக்குத் தெரியாதா? திடீர்னு தூக்குச்சு. பாத்தா ஆளக் காணோம். பின்னால நீ கெடக்கற."

நசீமின் உதடு வெளுத்திருந்தது. "அக்கா... நான் ஒம்பது முப்பத்துநாலுக்கே மேல வந்துட்டேன். உங்களத் தேடுனேன், காணோம். என்ன பண்றதுன்னு நிக்கறேன், நாலு நிமிஷத்துல நீங்க அங்க உக்காந்திருக்கீங்க. துண்டப் போத்திக்கிட்டு."

"நான் ஏறுனதைப் பாத்தியா?"

"பாக்கல. உக்காந்திருந்தீங்க."

"கூப்பிட்டுப் பாக்கக்கூடவா தோணல?"

அவன் அழ ஆரம்பித்துவிட்டான். "விட்டுட்டுப் போனதுக்குக் கோவமா இருக்கீங்கன்னு நெனச்சேன். கிட்ட வரவே பயமா இருந்துச்சு அக்கா."

இதுதான் விஷயம். பொம்பளைப் பிள்ளை கோபித்துக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். இப்போது வாயைக் கொடுத்தால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். கரைக்குப் போனால் தானாகச் சரியாகிவிடும். தப்புச் செய்த ஆண்பிள்ளைகள் எல்லாரும் நினைப்பதைத்தான் அவர்களும் நினைத்தார்கள். தமிழ்வேந்தன் தலையை எண்ணினார். நான்கு இருந்தது. பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை, முகத்தையும் யாரும் பார்க்கவில்லை. நங்கூரத்தைத் தூக்கிவிட்டார்கள்.

"நவநீதன் அண்ணே, நீங்களுமா?"

நவநீதன் தலை நிமிரவில்லை. "டீ குடுத்தேன் உமா. சமாதானமாப் போவலாம்னு. பிளாஸ்க்லேர்ந்து ஊத்தி, தோள் பக்கம் நீட்டுனேன். திரும்பாமலே வாங்கிச்சு... வாங்குன."

டம்ளர் அணியத்திலேயே இருந்தது. கவிழாமல், விளிம்பு வரை நிறைந்து. டீ இல்லை. கலங்கிய பச்சைத் தண்ணீர். அடியில் ஒரு விரற்கடை மணல்.

தமிழ்வேந்தன் அதைக் காலால் எத்திக் கடலில் தள்ளினார்.

கருக்களாச்சேரியில் படகை மேலே ஏற்றிய பிறகுதான் தமிழ்வேந்தன் விஷயத்தைச் சொன்னார். இதற்கு முன்பும் ஒருமுறை. 6 மார்ச் 2022. அதே இடம், அதே நவநீதன். வளைகுடாவிலிருந்து லீவில் வந்த ஜெகபர் சாதிக் என்ற பையன், உமாவைப் போலவே புதுசு. அன்றைக்கும் அவன் கோபித்துக்கொண்டு அணியத்தில் உட்கார்ந்திருந்தானாம். அன்றைக்கும் தலை எண்ணிச் சரியாக இருந்ததாம். கரைக்கு வந்து பார்த்தால் ஆள் இல்லை. மறுநாள் இருபத்துநாலு மீட்டரில் கிடைத்தான். மணலில் முட்டிபோட்ட நிலையில்.

உமா நவநீதனை அறைந்தாள். நானும் சொல்கிறேன், அது போதாது. ஒரு உயிர் போன இடத்துக்கு, ஒரு வார்த்தை சொல்லாமல், புதுசாகக் கற்றுக்கொண்ட இன்னொருத்தியைக் கூட்டிக்கொண்டு போனவன் அவன். அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னான். "விபத்துன்னு நெனச்சேன்."

உமா ஒரு முடிவுக்கு வந்தாள். கீழே தன்னை உட்காரவைத்தது அந்தப் பையன்தான். பாவம், தனியாக இருக்கப் பிடிக்காமல் ஒருவரைத் தேடியிருக்கிறான். அப்படி நினைத்தபோது பயம் கொஞ்சம் அடங்கியது. பரிதாபம்கூட வந்தது. அவன் வீட்டைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரவேண்டும் என்று தோன்றியது.

ஒரு வாரம் கழித்து, காரைக்காலில் அவன் அக்கா ரோஷன் பேகத்தின் வீட்டுக்குப் போனாள். அந்த அம்மாள் எல்லாவற்றையும் குறுக்கே பேசாமல் கேட்டார். எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பை கொண்டுவந்தார்.

"போலீஸ்ல திருப்பிக் குடுத்ததும்மா. அவன் இடுப்புல கட்டியிருந்தது. காத்து தீந்துபோயி புத்தி தடுமாறி எழுதுனதுன்னு சொல்லிட்டாங்க. எங்க தம்பி கையெழுத்து தடுமாறவே இல்ல, பாரு."

உள்ளே கையளவு சிலேட். தண்ணீருக்கடியில் பென்சிலால் எழுதுவதற்கானது. எழுத்து குண்டு குண்டாக, நிதானமாக இருந்தது.

10.05. நவநீதன் அண்ணன் இங்கேயே இருக்கச் சொன்னார்.

"அந்த நேரத்துக்கு நவநீதன் படகுல இருந்திருக்காரு. மூணு பேரு சாட்சி," என்றார் ரோஷன் பேகம்.

உமா அந்த நேரத்தை மறுபடி படித்தாள். அப்படியானால் சாதிக்கையும் யாரோதான் உட்காரவைத்திருக்கிறார்கள். தன்னைக் கூட்டிப்போனது சாதிக் இல்லை.

10.10. இன்னும் வரவில்லை.

10.15. இன்னும் வரவில்லை. காற்று குறைவாக இருக்கிறது.

கடைசி வரி சிலேட்டின் அடியில், சின்னதாக.

10.20. பயமில்லை. எனக்கு இந்தப் பக்கம் இரண்டு பேர், அந்தப் பக்கம் மூன்று பேர் முட்டிபோட்டுக் காத்திருக்கிறார்கள்.

உமா காவல் நிலையத்துக்குப் போய் விசாரித்தாள். பழைய பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். சாதிக்குக்கு முன்னால் அந்த இடத்தில் கடலுக்குள் இறங்கி, கரைக்குத் திரும்பாமல் போனவர்கள் என்று ஒருவர் பெயரும் இல்லை. இறங்கிய அத்தனை பேரும் வீடு போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். கீழே முட்டிபோட்டிருந்த அந்த ஐந்து பேருக்குப் பதிலாக அந்த வீடுகளுக்குப் போனது யார்?